ஆலமரத்தடியும் குழாயடியும்: செஞ்சியிலிருந்து ஒரு கலைக்களஞ்சியத்தைப் பார்த்தல்

தேசிங்குராஜன் கதைப்பாடலில் குதிரைகளுக்குப் பெயர் உண்டு. தேசிங்கின் குதிரை பாராசாரி. அவன் நண்பன் மகமத்கானின் குதிரை நீலவேணி. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதி இருபத்திரண்டு வயதில் இறந்த தேஜ்சிங் என்கிற அந்த இளைஞனைச் செஞ்சி வட்டாரம் இன்றும் மறக்கவில்லை. அவன் சிதையில் எரிந்த மனைவியையும் மறக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். செட்டிகுளத்தங்கரையில் இடத்தைக் காட்டுவார்கள். அவள் நினைவாகவே ராணிப்பேட்டை என்ற ஊர் உண்டானது என்பார்கள். ஆனால் அவள் பெயர் என்ன என்று கேட்டால் 'ராணி', 'ராணிபாய்' என்பதற்கு மேல் விடை வராது. ராணி என்பது நிலை. பாய் என்பது வடநாட்டுப் பெண்களின் பெயருக்குப் பின்னால் சேர்க்கும் மரியாதைச் சொல். இரண்டையும் எடுத்துவிட்டால் அங்கே பெயரே இல்லை.

கோட்டைக்குள் போனாலும் இதே கதைதான். கிருஷ்ணகிரி மலைக்கு ராணிக்கோட்டை என்றொரு பெயர். எந்த ராணி என்று பெயர் சொல்லவில்லை. அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கல்யாணமகால் அரண்மனைப் பெண்களுக்காகக் கட்டப்பட்டது என்கிறார்கள். அதில் வாழ்ந்த ஒருத்தியின் பெயர்கூட அதைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. செஞ்சியில் பெயரோடு நிற்கும் பெண்கள் தெய்வங்கள் மட்டுமே: கமலக்கண்ணி, செஞ்சியம்மன், மேலச்சேரித் திரௌபதி.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட சி.எஸ். சீனிவாசாச்சாரியின் ஆங்கில நூல் செஞ்சி பற்றிய ஆய்வுகளுக்கு இன்றும் அடிப்படை. செஞ்சியின், அதன் ஆட்சியாளர்களின் வரலாறு என்பது அதன் தலைப்பு. கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்ப் படை, 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயத் தளபதி ஜுல்பிகர்கான், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிய வரிசையையே நாம் செஞ்சி வரலாறு என்று படித்து வந்திருக்கிறோம். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலவமைப்புகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ சேர்த்த பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி மட்டுமே. அந்த மராட்டியக் காலத்தில் இங்கே இருந்து போரிட்டவர் ராஜாராம் என்று எல்லோரும் எழுதினார்கள். அவர் மனைவி தாராபாயும் இங்கே வாழ்ந்தவர். 1696இல் மகன் இரண்டாம் சிவாஜியைப் பெற்றவர். 1700இல் கணவர் இறந்தபின் மகன் பெயரால் ஆட்சி நடத்தி ஔரங்கசீப்பை எதிர்த்து நின்றவர். செஞ்சியைப் பற்றிச் சொல்லும்போது அவர் பெயர் அரிதாகவே வருகிறது.

இப்படி ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் கல்லூரிக்குப் போகிறாள். திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ பேருந்து ஏறுகிறாள். அங்கே விக்கிப்பீடியா தன்னார்வலர்கள் ஒரு நாள் பயிற்சி நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "என்ன எழுதுவது என்று தெரியவில்லையா? உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்" என்பதுதான் இத்தகைய பயிற்சிகளில் வழக்கமாகத் தரப்படும் முதல் அறிவுரை. நல்ல அறிவுரை. ஆனால் செஞ்சிப் பெண் தன் ஊரைப் பற்றி எதை எழுத முடியும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, கல்லூரி மாணவர்களைக் கலைக்களஞ்சியத்துக்கு அழைத்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்கலாம்.

அழைப்பின் வரலாறு

தமிழில் கலைக்களஞ்சியம் எழுதுவது நெடுங்காலம் தனி மனிதப் புலமையின் வேலையாக இருந்தது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902இல் வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வந்தது. பிறகு நிறுவனங்களின் காலம். தி.சு. அவினாசிலிங்கம் தலைமையிலான தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. அதே அவினாசிலிங்கம் 1957இல் கோவையில் பெண்களுக்கென ஒரு மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். கலைக்களஞ்சியத்துக்கு எழுத அழைக்கப்பட்டவர்கள் துறை அறிஞர்கள். மாணவியர் அதை நூலகத்தில் எடுத்துப் படிக்க வேண்டியவர்கள். ஒரு மாணவி அதில் எழுதலாம் என்ற எண்ணத்துக்கே அன்று இடமில்லை. பெண்களுக்குத் தொகுக்கத் தெரியாது என்பதல்ல காரணம். மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் அதற்கு முன்பே வடசொற்களுக்குத் தமிழ்ச்சொற்கள் தரும் அகரவரிசையைத் தொகுத்திருந்தார்.

2003 செப்டம்பர் 30இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது இந்த முறை தலைகீழானது. இணைய இணைப்பு உள்ள எவரும் எழுதலாம், திருத்தலாம். வளைகுடாவில் பணிபுரிந்த யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அந்த ஆண்டு நவம்பரில் எழுத வந்து அதன் அடித்தளத்தை அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் சேர்ந்தவர்களில் பலர் பொறியாளர்கள், புலம்பெயர்ந்தோர், ஆய்வு மாணவர்கள். மேசையில் கணினியும் மாலையில் ஓய்வும் உள்ளவர்கள், பெரும்பாலும் ஆண்கள்.

கல்லூரி மாணவர்களை நோக்கிய பெரிய அழைப்பு 2010இல் வந்தது. அந்த ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசும் தமிழ் விக்கிப்பீடியரும் இணைந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்து குவிந்தன. தன்னார்வலர்கள் இரவு பகலாக அவற்றைத் திருத்தி விக்கிப்பீடியாவில் ஏற்றினார்கள். பிறகு கல்லூரிகளில் ஒருநாள் பயிலரங்குகள் தொடர்ந்து நடந்தன. 2017இல் பள்ளிக் கல்வித் துறை ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியா பயிற்சி அளித்தது. அந்த ஆண்டு மே மாதம் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. 2018இல் வேங்கைத் திட்டம் என்ற இந்திய மொழிகளுக்கிடையிலான போட்டியில் தமிழ் இரண்டாம் இடமும், 2019-20இல் நடந்த அடுத்த சுற்றில் முதலிடமும் பெற்றது. எழுத முன்வந்தவர்களுக்கு மடிக்கணினியும் இணையக் கட்டணமும் தந்த போட்டி அது.

இவை எல்லாம் உண்மையான உழைப்பு. சம்பளம் இல்லாமல், விடுமுறை நாளைக் கொடுத்து, சொந்தச் செலவில் பேருந்து ஏறிப் போய்க் கற்றுக்கொடுத்தவர்களின் உழைப்பு. ஆனால் இந்த வரலாறு முழுவதும் ஓர் அளவுகோல் மாறாமல் இருந்தது: எத்தனை கட்டுரைகள். அந்த அளவுகோல் மாணவரை எங்கே கொண்டுபோகும் என்பதற்குப் புனே சாட்சி. 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளை அங்கே ஒரு கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. புனே பொறியியல் கல்லூரி, சிம்பயாசிஸ் பொருளியல் பள்ளி, எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று இடங்களில் மாணவர்கள் பாடத்தின் பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினார்கள். புத்தகங்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் அப்படியே படியெடுத்த பத்திகள் வந்து குவிந்தன. பதிப்புரிமை மீறலைத் துடைத்து முடியாமல் அந்த நவம்பரிலேயே திட்டம் நிறுத்தப்பட்டது. நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண், சொந்த வாக்கியம் எழுதினால் ஐயம் என்று பழக்கிய கல்விமுறை, அந்தப் பிள்ளைகளைத் திடீரென்று ஆசிரியராக இருக்கச் சொன்னது. அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள்.

ஏழாவது பெண்

பயிற்சி நடக்கும் கணினி ஆய்வகத்தில் ஒரு சிறு விதி குறுக்கே வரும். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு புதிய கணக்குகள் மட்டுமே தொடங்க முடியும். விஷமிகளைத் தடுக்க விக்கிப்பீடியா வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. கல்லூரி முழுவதற்கும் ஒரே இணைப்பு என்பதால் ஏழாவது மாணவிக்குக் கணக்கு கிடைக்காது. அனுபவமுள்ள தன்னார்வலர்கள் முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்கி வைப்பார்கள். இல்லையென்றால் "உங்கள் கைப்பேசியில் தொடங்குங்கள்" என்பார்கள். பல மகளிர் கல்லூரிகளிலும் விடுதிகளிலும் கைப்பேசிக்குத் தடை. மாணவர்களுக்கு இல்லாத தடை மாணவியருக்கு இருக்கும் கல்லூரிகளும் உண்டு. விதியை எழுதியவருக்குப் பெண்கள் மீது எந்தப் பகையும் இல்லை. ஆனால் ஏழாவதாக உட்கார்ந்திருப்பது யார் என்று அவர் யோசித்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ச் செய்யலாமே என்றால், வீட்டில் நேரம் யாருடையது? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. கருவி வீட்டுக்கு வந்தது. ஆனால் அது அண்ணன் தம்பி கைக்குப் போகாமல் அவள் மடியில் இருக்கும் மாலை நேரத்தை எந்தத் திட்டமும் கொடுக்கவில்லை. கலைக்களஞ்சியம் எழுதுவது ஓய்வு உள்ளவரின் பொதுத்தொண்டு. ஓய்வே சமமாகப் பகிரப்படாத இடத்தில் அந்தத் தொண்டும் சமமாக நடக்காது.

தமிழ்த் தட்டச்சுதான் பெரிய தடை என்று தன்னார்வலர்கள் நீண்டகாலம் நம்பினார்கள். இதிலும் ஒரு முரண் உண்டு. தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் பிளஸ் டூ முடித்த பெண்கள் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போய் லோயர், ஹையர் தேர்வு எழுதுவது ஒரு தலைமுறை வழக்கம். அலுவலகத்திலும் டிடிபி கடையிலும் தமிழை விரலில் வைத்திருந்தவர்கள் அந்தப் பெண்கள். மனுக்கள், திருமணப் பத்திரிகைகள், ஆண்களின் ஆய்வேடுகள் என்று எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு விசைப்பலகை தெரியும். அதில் தாங்களே ஒரு வாக்கியம் எழுதலாம் என்று யாரும் சொன்னதில்லை.

எந்தப் பெயரில் எழுதுவது

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும் பயனர் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகும். ஒரு காற்புள்ளியைச் சேர்த்தாலும் வரலாற்றுப் பக்கத்தில் அது நிற்கும். பெண்ணின் உழைப்பு கணக்கில் வராமல் போவதே வழக்கமான சமூகத்தில் இது ஒரு புதுமை. மதிக்க வேண்டிய புதுமை. அதே பதிவுதான் அச்சத்தையும் தருகிறது. இரவு பதினொன்றரைக்கு ஒரு பெண் என்ன திருத்தினாள், எதைப் பற்றித் திருத்தினாள் என்று ஊரே பார்க்கலாம். பேச்சுப் பக்கத்தில் யாரும் வந்து எதையும் கேட்கலாம்.

இதற்குப் புனைபெயர் ஒரு வழி. தமிழில் அதற்கு நெடிய மரபு உண்டு. அதிலும் பாலினம் இருக்கிறது. ரங்கராஜன் என்ற ஆண், மனைவியின் பெயரான சுஜாதாவில் எழுதிப் புகழ் பெற்றார். ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை ஆனார். பெண் பெயர் அவர்களுக்கு ஓர் உடை. பெண்களுக்குப் புனைபெயர் பல நேரங்களில் மறைவிடம். துவரங்குறிச்சியில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்த ரொக்கையா, வீட்டாருக்குத் தெரியாமல் எழுதுவதற்காகச் சல்மா ஆனார். ஆகவே மாணவியருக்குப் பயிற்சி தரும்போது "உண்மைப் பெயரில் கணக்கு தொடங்குங்கள், அதுதான் நம்பகம்" என்று சொல்வது தவறு. விக்கிப்பீடியா அதைக் கேட்பதில்லை. பெயரை வெளியிடுவதா, மறைப்பதா என்ற முடிவு அவளுடையது என்பதைக் கணக்கு தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். வேறொருவரின் அடையாளத்தை அவர் விருப்பமின்றி வெளியிடுவதும் துன்புறுத்துவதும் தண்டனைக்குரியவை என்று 2021இல் விக்கிமீடியா அறக்கட்டளை ஏற்ற உலகளாவிய நடத்தை விதிகள் சொல்கின்றன. பயிற்சியின் முதல் அரைமணி நேரத்தில் இது இடம்பெற வேண்டும்.

பொது இடம் எது

ஆங்கில விக்கிப்பீடியாவில் பங்களிப்பாளர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு, ஊர்த் தண்ணீர்க் குழாய் என்று பொருள்படும் பெயர். தமிழ் விக்கிப்பீடியாவில் அதே பக்கத்துக்குப் பெயர் ஆலமரத்தடி. அழகான பெயர், நம் மண்ணின் பெயர்தான். ஆனால் இரண்டு இடங்களையும் சற்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு ஊர்களில் குழாயடியில் கூடுகிறவர்கள் பெண்கள். ஆலமரத்தடியில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறவர்கள் ஆண்கள். பெண்கள் அதைக் குனிந்தபடி கடந்து போகிறவர்கள், அல்லது விசாரணைக்கு நிறுத்தப்படுகிறவர்கள். தலித் பெண்ணுக்கு அந்த நிழல் இன்னும் தூரம். குழாயடியும் சாதி இல்லாத இடமாக இருந்ததில்லை. குழாயடியில் செய்திகள் பரிமாறப்படுகின்றன, மருந்து சொல்லப்படுகிறது, யார் வீட்டில் என்ன என்ற ஊர் வரலாறு பதிவாகிறது. நம் மொழியோ அதற்கு வைத்திருக்கும் பெயர் 'குழாயடிச் சண்டை'.

பெயர் வைத்தவர்கள் பெண்களை விலக்க நினைக்கவில்லை. பொதுவாகக் கூடிப் பேசும் இடம் என்றதும் இயல்பாக நினைவுக்கு வந்தது அது. அந்த இயல்புதான் இங்கே பேச வேண்டியது. தமிழ் விக்கிப்பீடியாவில் பெண்கள் நிருவாகிகளாகவும் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மை. உலக அளவிலும் இதே நிலைதான்: ஐ.நா. பல்கலைக்கழகத்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வு நிறுவனம் சேர்ந்து நடத்தி 2010இல் வெளியான கணக்கெடுப்பு, விக்கிப்பீடியா பங்களிப்பாளர்களில் பெண்கள் ஏறத்தாழ 13 விழுக்காடு என்றது. 2014 வாக்கில் ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை 15 விழுக்காட்டை ஒட்டியே இருந்தன. அந்த இடைவெளியை நிரப்ப 2015இல் உருவான 'சிவப்பில் பெண்கள்' என்ற குழு, கட்டுரை இல்லாத பெண்களின் பெயர்கள் சிவப்பு இணைப்பாகத் தெரிவதை வைத்துத் தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. பத்தாண்டுத் தொடர் உழைப்புக்குப் பிறகு அந்த விகிதம் 20ஐ ஒட்டி வந்திருக்கிறது.

சான்று என்னும் வாசல்

இதுவரை சொன்னவற்றைத் தாண்டிவிட்டாலும் செஞ்சிப் பெண் முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் குறுகலானது. விக்கிப்பீடியாவில் எழுதுவதற்கு ஏற்கெனவே வெளியிடப்பட்ட, நம்பகமான, மூன்றாம் தரப்புச் சான்று வேண்டும். எழுதப்படுபவர் 'குறிப்பிடத்தக்கவர்' என்று வேறு யாராவது ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும்.

2018 அக்டோபர் 2 அன்று கனடாவின் டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது விக்கிப்பீடியாவில் அவருக்குக் கட்டுரை இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஒருவர் எழுதி அனுப்பிய வரைவு, அவரைப் பற்றிப் போதிய சான்று இல்லை என்று திருப்பப்பட்டிருந்தது. திருப்பியவர் விதிப்படிதான் நடந்தார். ஊடகங்கள் அவரைப் பற்றி எழுதவில்லை, ஆகவே விக்கிப்பீடியாவும் எழுதவில்லை. இயற்பியல் பேராசிரியருக்கே இது நடக்கும் என்றால், மேலச்சேரியில் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் நூற்றுக்கணக்கில் அறிந்த ஒரு மூதாட்டிக்கு என்ன நடக்கும்?

சான்றே வேண்டாம் என்பது என் வாதமல்ல. செஞ்சி போன்ற ஊரில் அந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு சாதிச் சங்கமும் கோட்டையைக் கட்டியவன் தன் முன்னோன் என்று எழுதும். ஆண்ட பரம்பரைக் கதைகளின் பெருவெள்ளத்தில் முதலில் மூழ்குவது பெண்களும் தலித்துகளும்தான். சான்று கேட்கும் விதி நம்மையும் காக்கிறது. சிக்கல், சான்று எதுவென்று தீர்மானித்தவர்கள் யார் என்பதில் இருக்கிறது.

இந்தக் கேள்வியை நேராக எழுப்பிய ஒரு முயற்சி இந்தியாவிலிருந்தே வந்தது. 2011இல் அச்சல் பிரபலா, வாய்மொழிச் சான்றுத் திட்டத்தை மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மூன்று மொழிகளில் நடத்தினார். அச்சில் வராத விளையாட்டு, சடங்கு, உணவு பற்றித் தெரிந்தவர்களிடம் பேசி, அந்த ஒலிப்பதிவையே மேற்கோளாகக் காட்டி விக்கிப்பீடியாவில் எழுதிப் பார்த்தார்கள். மக்களே அறிவு என்ற பொருளில் அதைப் பற்றிய ஆவணப்படத்துக்குப் பெயர் வைத்தார்கள். கடுமையான விவாதம் நடந்தது. வாய்மொழி மேற்கோள் பொது விதியாக ஏற்கப்படவில்லை. ஆனால் அச்சில் குறைவாக வந்த மொழிகளும் மக்களும் இதே விதியால் இரண்டாம் முறை விலக்கப்படுகிறார்கள் என்ற உண்மையை அது பதிவு செய்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சான்று இல்லை என்று நாம் நினைக்கும் இடத்தில் பலமுறை சான்று இருக்கும்; தேடியிருக்க மாட்டோம். செஞ்சிக்கு வடக்கே வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊரில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியரைப் பற்றியது அது. அவருடைய மாணாக்கர் ஐந்நூறு பேருக்கும் துறவியர் நானூறு பேருக்கும் பூசல் எழுந்தபோது, அவரையும் அவர் மாணாக்கரையும் காத்து உணவளிப்பதாக ஊரார் ஒப்புக்கொண்டதை அது சொல்கிறது. செஞ்சிக் கோட்டையின் மதில்கள் எழுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, அதே வட்டாரத்தில், ஒரு பெண்ணிடம் ஐந்நூறு பேர் படித்திருக்கிறார்கள். அவர் பெயர் கல்லில் இருக்கிறது. தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் அச்சிலும் இருக்கிறது. எந்த நிருவாகியும் மறுக்க முடியாத சான்று. ஆனால் அதைத் தேடும் பழக்கத்தை ஒருநாள் பயிலரங்கு தருவதில்லை. அங்கே கற்றுத்தரப்படுவது எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது.

எந்த வினைச்சொல்

சான்று கிடைத்த பிறகும் எழுத்து தானாக நியாயமாகிவிடாது. செட்டிகுளத்தங்கரை மரணத்தை எழுதும் மாணவி ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடன்கட்டை ஏறினாள் என்பதா, ஏற்றப்பட்டாள் என்பதா, எரிக்கப்பட்டாள் என்பதா? முதல் சொல் வழக்கில் இருப்பது. அதனாலேயே நடுநிலையானது போலத் தோன்றும். அதில் அந்தப் பெண்ணின் விருப்பம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அவள் விரும்பினாளா என்பதற்கு அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் நம்மிடம் இல்லை. கணவன் சிதையில் அவள் இறந்தாள் என்பது சான்று தாங்கும் அளவு. அந்த அளவோடு நிறுத்துவதும் ஒரு பெண்ணிய வேலைதான்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2013இல் நடந்தது நினைவிருக்கலாம். அமெரிக்க நாவலாசிரியர்கள் என்ற பகுப்பிலிருந்து பெண்களை ஒவ்வொருவராக எடுத்து அமெரிக்கப் பெண் நாவலாசிரியர்கள் என்ற பகுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் மட்டும் வெறும் நாவலாசிரியர்களாகத் தங்கினார்கள். அமாண்டா ஃபிலிப்பாச்சி என்ற எழுத்தாளர் நியூயார்க் டைம்ஸில் எழுதிய பிறகே அது வெளியே தெரிந்தது. எந்தக் கட்டுரையிலும் ஒரு பொய்கூட எழுதப்படவில்லை. அடுக்கிய விதத்தில்தான் அநீதி இருந்தது. தமிழில் பாடநூல் நெடுகிலும் வெறும் கவிஞர், பெண் கவிஞர் என்று பிரித்துப் படித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

செஞ்சியில் செய்யக்கூடியது

2022 முதல் தமிழ்நாடு அரசு, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. செஞ்சியைச் சுற்றிய கிராமங்களிலிருந்து தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகப் போகிற பெண்களுக்கு அந்தப் பணம் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும். அந்தப் பெண்களைக் கலைக்களஞ்சியத்துக்கு அழைக்கிறவர்கள் முதலில் தங்கள் அளவுகோலை மாற்ற வேண்டும். எத்தனை கட்டுரைகள் என்பதற்கு முன்னால், இதுவரை அச்சில் இல்லாத எதற்கு அவர்கள் சான்று உண்டாக்கினார்கள் என்று கேட்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரிகள் நம்மிடமே இருக்கின்றன. எழுத்தாளர் அம்பை 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ, பெண்களின் குரலையும் படத்தையும் சேகரித்து ஆவணமாக்கிய காப்பகம். நூலகம் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தின் நினைவோடு 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம், ஈழத்துச் சிறு வெளியீடுகளைக்கூட எண்ணிமமாக்கி எவரும் மேற்கோள் காட்டக்கூடியதாக ஆக்கியது. இரண்டு முயற்சிகளும் ஒன்றையே காட்டுகின்றன: கலைக்களஞ்சியத்துக்கு முந்தைய வேலை காப்பகம்.

மேலச்சேரி, அதாவது பழைய செஞ்சி, திரௌபதி வழிபாட்டின் மூலத்தலம் என்று கருதப்படுகிறது. செஞ்சி அரசன் சுனீதனுக்கு உதவத் திரௌபதி மீண்டும் தோன்றினாள் என்பது அவ்வட்டாரக் கதை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபீட்டல் 1988இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. ஆகவே திரௌபதிக்குச் சான்று உண்டு. ஆனால் அந்தத் தீமிதியில் காப்புக் கட்டி நடக்கும் பெண்கள், மரபாக ஆண்களே திரௌபதி வேடம் கட்டும் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த பெண்கள், அந்தத் திரௌபதியைப் பற்றித் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு பெண்கள் கல்லூரியின் ஆண்டுமலர் சான்றாகலாம். பேட்டி எடுத்தவர் பெயர், சொன்னவரின் ஒப்புதல், தேதி, ஊர், பதிப்பாளர் எல்லாம் சரியாக இருந்து, துறை ஆசிரியர்கள் சரிபார்த்து அச்சிட்டால் அது நாளை மேற்கோள் ஆகும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் தூற்றும் பெண்கள், கோட்டைச் சீரமைப்பில் கல்லும் மண்ணும் சுமந்த பெண்கள் ஆகியோரைப் பற்றியும் இதே முறையில் எழுதலாம். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச்சில் விக்கிப்பீடியாக்களில் நடக்கும் பெண்ணியமும் நாட்டாரியலும் என்ற பன்னாட்டுப் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறெங்கும் கிடைக்காது.

அதற்கு ஒருநாள் பயிலரங்கு போதாது. ஒரு பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் தன்னார்வலர்கள் வேண்டும். அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பயிற்சி கல்லூரி நேரத்துக்குள், கடைசிப் பேருந்துக்கு முன்னால் முடிய வேண்டும். மாணவி எழுதிய முதல் கட்டுரை நீக்கப்பட்டால் ஏன் என்று அவளோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். ஏழாவது பெண்ணுக்குக் கணக்கு முந்தின நாளே தயாராக இருக்க வேண்டும். இவை பெரிய செலவுகள் அல்ல. ஆனால் கட்டுரைகளை மட்டும் எண்ணுகிற கணக்கில் இவற்றுக்கு இடம் இருக்காது.

செட்டிகுளத்தங்கரைப் பெண்ணின் பெயர் இனிக் கிடைக்காமலே போகலாம். கனகவீரக் குரத்தியாரின் பெயர் ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் கிடைக்கிறது. இருவருக்கும் இடையிலான வேறுபாடு தகுதி அல்ல. ஒருவரைப் பற்றி அவர் காலத்து ஊரார் எழுதி வைத்தார்கள். இன்னொருவரைப் பற்றி எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இன்று செஞ்சியில் குழாயடியில் பேசப்படுவதை எழுதி வைக்கக்கூடிய பெண்கள் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்களை ஆலமரத்தடிக்கு அழைக்கிறவர்கள், போகும் வழியில் குழாயடியிலும் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போகட்டும்.